மேற்கத்திய நாடகங்களில் சீனப் போராட்டம்: ஏன் எப்போதும் ஒரு மனிதனும் ஒரு டாங்கியும்?

இளவேனில் கேட்டது:

வணக்கம். சீன அரசியல் போராட்டங்களை வைத்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வந்த நாடகங்கள், தொடர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். லூசி கிர்க்வுட்டின் ‘சைமெரிக்கா’ (2013), நெட்ஃபிளிக்ஸின் ‘3 பாடி ப்ராப்ளம்’ (2024), டேவிட் ஹேரின் ‘ஃபான்ஷென்’ (1975) மூன்றையும் மையமாக எடுத்திருக்கிறேன். மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

ஒன்று, 1989 பெய்ஜிங் தியானன்மென் சதுக்கப் போராட்டம் பற்றி மேடையில் சொல்லப்படுவதில் எது வரலாறு, எது நாடக வசதி? இரண்டு, சீனப் பொதுமக்கள் இந்தப் படைப்புகளில் மூளைச்சலவை ஆனவர்களாக வருகிறார்கள், இல்லையென்றால் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு வாய் திறக்காதவர்களாக வருகிறார்கள். கருத்துக்கணிப்புகளோ 90 விழுக்காட்டுக்கு மேல் திருப்தி என்கின்றன. எதை நம்புவது? மூன்று, கூட்டக் காட்சிகளில் பிழைகளைக் கண்டுபிடிக்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மஞ்சள்நதி எழுதியது:

1989இலிருந்து தொடங்குகிறேன், குழப்பம் அங்கேதான் அதிகம்.

ராணுவ டாங்கிகளின் வரிசையைத் தனியாக வழிமறித்து அந்த மனிதர் நின்றது ஜூன் 5 அன்று. படுகொலை நடந்தது ஜூன் 3 இரவும் 4 விடியலும். அவர் நின்ற இடமும் சதுக்கத்தின் நடுவே அல்ல, அதன் வடக்கு ஓரமாகப் போகும் சாங்கான் நிழற்சாலை. டாங்கிகள் சதுக்கத்தை விட்டுக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. பல நாடகங்கள் இந்த இரண்டு நாளையும் ஒன்றாக்கி, அவர் படுகொலையையே தடுக்க முயன்றதுபோலக் காட்டிவிடுகின்றன. உண்மையில் எல்லாம் முடிந்தபின் நின்றவர் அவர். அந்தச் செயலின் கனம் அதில்தான் இருக்கிறது.

உயிர்ச்சேதமும் பெரும்பாலும் சதுக்கத்துக்குள் நிகழவில்லை. படைகள் மேற்கிலிருந்து நகருக்குள் நுழைந்த வழியில், குறிப்பாக முஷிதி பாலத்தைச் சுற்றி, வழிமறித்து நின்ற நகரவாசிகள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் மாணவர் அல்லாதோர் ஏராளம். இதைச் சதுக்கத்துக்குள் நகர்த்தும்போது வெறும் இடம் மட்டும் மாறுவதில்லை, செத்தவர் யார் என்பதே மாறிவிடுகிறது: பக்கத்துத் தெருக்காரர்களும் தொழிலாளர்களும் மறைந்து, மாணவர் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஷாங்ஹாயில் ஜூன் 6 அன்று ரயில் ஒன்று கூட்டத்தில் புகுந்து ஆட்களைக் கொன்றது. கொதித்த மக்கள் அதற்குத் தீவைத்தார்கள். அந்த வழக்கில் அதே மாதம் 21இல் மூவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒருவர்கூட மாணவர் இல்லை. இந்த மூவரை மையமாக வைத்து ஒரு மேற்கத்திய நாடகம் இதுவரை என் கண்ணில் படவில்லை.

‘சைமெரிக்கா’ பற்றி: புகைப்படக்காரன் ஒருவன், அந்த டாங்கி மனிதரின் படம் ஒன்று, அவரைத் தேடும் தேடல் ஒன்று என்று கதை போகிறது. உண்மையில் பெய்ஜிங் ஹோட்டலின் மாடங்களிலிருந்து குறைந்தது நான்கு பேர் அந்தக் காட்சியைப் படமெடுத்தார்கள்: ஏபியின் ஜெஃப் வைடனர், மேக்னமின் ஸ்டூவர்ட் ஃபிராங்க்ளின், நியூஸ்வீக்குக்காக சார்லி கோல், ராய்ட்டர்ஸின் சாங் ஹின் வா. நாடகாசிரியர் ஒருவனாகக் குறைத்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன், அது புனைவு. ஆனால் கட்டுரையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தேடுகிறவன் அமெரிக்கன் என்பதால் சீனரின் செயலுக்குப் பொருள் கொடுக்கும் உரிமையும் அவன் கைக்குப் போகிறதா? கிர்க்வுட் இதை உணர்ந்தே எழுதியிருக்கிறார் என்பது என் கருத்து. தேடப்பட்டவர் யார் என்பதைக் கடைசியில் அவர் வெளிப்படுத்தும் விதம் அந்த அமெரிக்கனின் பார்வையையே குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. நாடகம் பார்க்காதவர்களுக்காக அதற்குமேல் சொல்லவில்லை.

மேடையில் வரவே வராத ஒரு காட்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 22, கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் ஹு யாவ்பாங்கின் இரங்கல் நிகழ்ச்சி. மக்கள் மாமண்டபத்தின் படிக்கட்டில் மூன்று மாணவர்கள் மண்டியிட்டு, விண்ணப்பத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். வாங்கிக்கொள்ள எந்தத் தலைவரும் வெளியே வரவில்லை. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, கட்சியின் பத்திரிகையான மக்கள் நாளிதழின் தலையங்கம் இயக்கத்தைக் ‘குழப்பம்’ என்று முத்திரை குத்தியது. அதன்பின் மாணவர்களின் முதன்மையான கோரிக்கையே அந்தத் தலையங்கத்தைத் திரும்பப் பெறு, எங்களோடு பேசு என்பதுதான். மே 13 உண்ணாவிரதமும் இதற்காகத்தான். 1988இல் விலைவாசி அரசின் கணக்கிலேயே 18 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. அதிகாரிகள் சரக்கை மடக்கி விற்றுக் கொழுத்தார்கள் என்ற கோபம் நகரெங்கும் இருந்தது. இவற்றை நீக்கிவிட்டு ‘விடுதலை’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் மேடையில் முழங்கவைத்தால், அந்த வாரங்களில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதே பார்வையாளருக்குத் தெரியாமல் போகும்.

படிக்கல் எழுதியது:

மஞ்சள்நதி சொன்ன மண்டியிடும் காட்சியைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். சீனாவில் நடக்கும் போராட்டங்களில் பெரும்பகுதி ஆட்சியின் சொந்த வார்த்தைகளை எடுத்து ஆட்சியிடமே நீட்டுபவை. சட்டம் இப்படிச் சொல்கிறது, மத்திய அரசு இப்படி வாக்களித்தது, உள்ளூர் அதிகாரி மீறுகிறான், தலையிடுங்கள் என்பதுதான் அடிப்படை வடிவம். அரசியல் ஆய்வாளர்கள் கெவின் ஓப்ரையனும் லியான்ஜியாங் லீயும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டு குவாங்டோங் மாகாணத்தின் வூக்கான் கிராமம் (கோவிட் பரவிய வூஹான் நகரம் வேறு). கிராம நிலத்தை உள்ளூர் அதிகாரிகள் விற்றுவிட்டார்கள் என்று 2011 செப்டம்பரில் கிளர்ச்சி வெடித்தது. பேச்சுவார்த்தைக்கான பிரதிநிதிகளில் ஒருவரான ஷுவே ஜின்போ டிசம்பரில் காவலில் இறந்தார். ஊர்மக்கள் அதிகாரிகளை விரட்டினார்கள், போலீஸ் ஊரைச் சுற்றி வளைத்தது. அந்த முற்றுகையின் நடுவிலும் பதாகைகள் மத்திய அரசிடம் நீதி கேட்டன. கட்சியை வீழ்த்து என்று கேட்கவில்லை. மாகாணக் கட்சித் துணைச் செயலாளர் வந்து பேசினார். 2012 மார்ச்சில் தேர்தல் நடந்து, போராட்டத் தலைவர் லின் சூலுவான் ஊர்த்தலைவரானார். 2016இல் அதே லின் லஞ்ச வழக்கில் மூன்று ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார்.

வரிசையைக் கவனியுங்கள்: முதலில் விட்டுக்கொடுத்தல், பிறகு பிளவு, கூட்டம் கலைந்து வெளியுலகின் கவனம் அகன்றபின் கைது. நாடகங்களில் இது தலைகீழாக வருகிறது. முதல் அங்கத்தில் முழக்கம், இரண்டாம் அங்கத்தில் அடி, முடிந்தது. பேரம் பேசும் அதிகாரி, செலவுக்குப் பணம் கொடுத்து அமைதி வாங்கும் வட்டார அலுவலர், உறவினரை விட்டு மனதைக் கரைக்கவைக்கும் உத்தி இவை எதுவும் மேடைக்கு வருவதில்லை. நாடகத்துக்கு ஏற்ற முரண் அங்கேதானே குவிந்து கிடக்கிறது?

இன்னொரு வகை 2007 சியாமென் நகரில் நடந்தது. பாராசைலீன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் ஆலைக்கு எதிராகக் குறுஞ்செய்திகள் பரவி, ஜூன் 1, 2 தேதிகளில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்காது என்பதால் ‘உலாவப் போகிறோம்’ என்றே அழைப்பு போனது. ஆலை கடைசியில் குலெய் என்ற இன்னொரு ஊருக்கு இடம் மாறியது. போராட்டம் வென்ற கதை இது. ஆனால் அந்த வெற்றி ஆபத்தை இன்னொரு ஊருக்குத் தள்ளிய வெற்றி. குலெய் ஆலையில் 2015இல் பெரும் வெடிவிபத்து நடந்தது. இதைவிடக் கனமான ஐந்தாம் அங்கம் எந்த நாடகாசிரியருக்குக் கிடைக்கும்?

அளவு தெரிய வேண்டுமென்றால்: அரசே வெளியிட்ட கணக்கில் 2005இல் இத்தகைய பொது ஒழுங்குச் சம்பவங்கள் 87,000. பெரும்பாலானவை நிலம், சம்பளம், மாசு பற்றியவை. இவ்வளவு நடக்கும் நாட்டை மேற்கத்திய மேடை ஒரே சதுக்கத்தின் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பெரும் இழப்பு.

எண்ணிக்கை எழுதியது:

இரண்டாவது கேள்வி என் பக்கம்.

திருப்தி 90 விழுக்காட்டுக்கு மேல் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஹார்வர்டின் ஆஷ் மையம் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். 2003 முதல் 2016 வரை எட்டு சுற்று, 31,000 பேருக்கு மேல் நேரில் கண்ட பேட்டி. அந்த எண்ணை மட்டும் எடுத்து எழுதாதீர்கள். அதே ஆய்வில் கீழ்மட்ட வட்டார அரசுபற்றிய திருப்தி 2003இல் ஏறத்தாழ 44 விழுக்காடு, 2016இல் ஏறத்தாழ 70. மேலே போகப் போக நம்பிக்கை, கீழே வர வர அதிருப்தி. படிக்கல் சொன்ன போராட்ட வடிவம் இந்த எண்களோடு அப்படியே பொருந்துகிறது. மத்திய அரசை நம்பும் ஒருவர் உள்ளூர் அலுவலகத்தை முற்றுகையிடுவதில் அவர் மனதளவில் எந்த முரணும் இல்லை. மூளைச்சலவை, உள்ளக் கொதிப்பு என்ற இரண்டு பெட்டிகளிலும் அவரை அடைக்க முடியாது.

அடுத்தது அச்சம். நேரடியாகக் கேட்டால் ஆள் உண்மை சொல்வாரா? இதை அளக்கப் பட்டியல் முறை என்று ஒன்று உண்டு. பதிலளிப்போரைக் குலுக்கலில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்கு ஆபத்தில்லாத மூன்று கூற்றுகள். ‘எதை ஏற்கிறீர்கள் என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள்’ என்பார்கள். இரண்டாம் குழுவுக்கு அதே மூன்றுடன் நான்காவதாக அந்தச் சங்கடமான கூற்று. முதல் குழுவின் சராசரி 1.6, இரண்டாவதன் சராசரி 2.2 என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 0.6. அதாவது 60 விழுக்காட்டினர் நான்காவதை ஏற்கிறார்கள். யார் ஏற்றார் என்பது கேட்டவருக்கும் தெரியாது, அதனால் பயம் குறைகிறது.

சீனாவில் 2020இல் இப்படி நடத்தி, சைனா குவார்ட்டர்லி இதழில் 2024இல் வந்த ஆய்வு ஒன்றில், நேரடிக் கேள்விக்கு 90 விழுக்காட்டுக்கு மேலிருந்த கட்சி ஆதரவு, பட்டியல் முறையில் 50க்கும் 70க்கும் இடையே இறங்கியது. இரண்டு பக்கமும் இதைச் சரியாகப் படிக்க வேண்டும். மறைக்கப்பட்ட எதிர்ப்பு பெரிது, ஐயமில்லை. ஆனால் மறைப்பை நீக்கியபின்னும் பாதிக்கு மேல் ஆதரவு மிஞ்சுகிறது. இந்த முறையிலும் பலவீனம் உண்டு: பிழை வரம்பு அகலம், அதனால் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், எல்லாக் கூற்றையும் ஒருவர் ஏற்றால் அவர் பதில் அம்பலமாகிவிடும், அதனால் ஆபத்தில்லாத கூற்றுகளை ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. ஒரு டாக்சி ஓட்டுநரையோ ஒரு பாட்டியையோ பேசவைத்து ‘இதுதான் சீன மக்களின் மனம்’ என்று காட்டும் காட்சி வந்தால் சந்தேகப்படுங்கள்.

மேற்கத்திய நாடகங்கள் தொடத் தயங்கும் இன்னொரு பொதுக் கருத்து தேசியவாதம். 1999 மே மாதம் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின்மேல் நேட்டோ குண்டு விழுந்து மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தபோது, பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதரகத்தின்மேல் கல்மழை பொழிந்தது. மாணவர்களை அழைத்துவரப் பேருந்து ஏற்பாடும் இருந்தது. 2012 செப்டம்பர் ஜப்பான் எதிர்ப்புக் கிளர்ச்சியில் சியான் நகரில், ஜப்பானியக் கார் ஓட்டிய குற்றத்துக்காகச் சீனர் ஒருவரே மண்டை உடைபட அடிக்கப்பட்டார். இவையும் சீனத் தெருப் போராட்டங்கள்தான். அரசு கதவைத் திறந்துவிட்டது உண்மை, ஆனால் உள்ளே வந்த கோபம் வாடகைக் கோபம் அல்ல. ‘தெருவில் இறங்கும் சீனர் எல்லாரும் நம்மைப் போலவே நினைப்பவர்’ என்ற மேற்கின் ஆசைக்கு இது இடையூறு, அதனால்தான் மேடை ஏறுவதில்லை என்று நினைக்கிறேன்.

இளவேனில் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு மறுகேள்வி. நாடகம் என்றால் நாயகன் வேண்டும், இரண்டரை மணி நேரம் பார்வையாளர் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும் என்பார்கள். தனிமனிதனைக் காட்டுவது மேற்கின் கோளாறா, நாடக வடிவத்தின் கட்டாயமா?

திரைச்சீலை எழுதியது:

வடிவத்தின் கட்டாயம் அல்ல. அதற்குச் சான்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. ‘ஃபான்ஷென்’ நாடகத்தில் நாயகனே கிடையாது. ஷான்ஷி மாகாணக் கிராமம் ஒன்றில் 1940களின் நிலச்சீர்திருத்தம். ஒன்பது பேர் அளவில் ஒரு குழு முப்பது வேடம் வரை மாறி மாறி ஏற்கிறது. காட்சிகள் பெரும்பாலும் கூட்டங்கள். ஒருவர் எழுந்து தன் குறையைச் சொல்கிறார், ஊர் மதிப்பிடுகிறது, யாருக்கு எவ்வளவு நிலம், எந்தப் பாத்திரம், எந்த மேலங்கி என்று முடிவாகிறது, மேலிடத்துக் கொள்கை மாறியதும் முடிவு மறுபடி பிரிக்கப்படுகிறது. பொதுக் கருத்து எப்படி உருவாகிறது, எப்படித் தூண்டப்படுகிறது, எப்படித் திரும்புகிறது என்பதை மேடையில் கண்முன் காட்டுகிற மேற்கத்திய நாடகம் எனக்குத் தெரிந்து இதுவே சிறந்தது. அந்த இயக்கத்தில் பாய்ந்த இரத்தத்தை அது குறைத்தே காட்டுகிறது, அதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

‘3 பாடி ப்ராப்ளம்’ தொடக்கக் காட்சி, மாவோவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 1966இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரை மேடையேற்றிப் பழிக்கும் தூற்றுக் கூட்டம், நேர் எதிர். நடிப்பும் கலை இயக்கமும் கூர்மை. ஆனால் கூட்டம் ஒரே வாயாகக் கத்துகிறது. வரலாற்றில் அந்தச் செங்காவலர்கள், அதாவது மாவோவுக்காகத் திரண்ட மாணவர் படையினர், தங்களுக்குள் பிளந்தார்கள். அதே சிங்ஹுவாவில் 1968 ஏப்ரல் முதல் ஜூலை வரை இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று ஈட்டியாலும் வெடியாலும் தாக்கிக்கொண்டன, இரு தரப்பும் மாவோவின் பேரால். வெறி ஒருமுகமாக இருந்ததில்லை. அதைச் சொல்லியிருந்தால் பயங்கரம் கூடியிருக்கும்.

இனி மூன்றாவது கேள்வி. நான் பார்க்கும் இடங்கள்:

சீருடை. சீனப் போலீசுக்கு 2000ஐ ஒட்டித்தான் கருநீலம் வந்தது, 1989இல் அவர்கள் பச்சை. 1966இல் ராணுவச் சீருடையில் பதவிச் சின்னம் இருக்காது, கழுத்துப்பட்டையில் சிவப்புத் துண்டும் தொப்பியில் சிவப்பு நட்சத்திரமும் மட்டும். பதவிகள் 1965இல் ஒழிந்து 1988இல்தான் திரும்பின. நகரத் தெருவில் வண்டிக்கடைக்காரரை விரட்டுபவர் போலீஸ் அல்ல, நகர நிர்வாகக் காவலர். அவருக்குக் கைது அதிகாரம் கிடையாது. இந்த மூவரையும் ஒரே உடையில் நிறுத்தினால் யாருடைய அதிகாரம் எங்கே முடிகிறது என்பது பார்வையாளருக்குப் புரியாது.

எழுத்து. பெருநிலச் சீனாவில் எளிமையாக்கிய எழுத்துரு, ஹாங்காங்கில் மரபுரு. 1966, 1989 இரண்டிலும் சுவரொட்டி தூரிகையால் எழுதியது. கணினி எழுத்துரு தெரிந்தால் அந்தக் காட்சியை யாரும் சரிபார்க்கவில்லை என்று பொருள்.

பேச்சு. வூக்கான் மக்கள் பேசுவது கான்டனீஸ் அல்ல, ‘மின்’ (Min) என்ற சீன மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த வட்டார மொழி. ஹாங்காங்கின் 2019 போராட்டம் முழுக்கக் கான்டனீஸ். எல்லாரையும் மாண்டரினில் முழங்கவைத்தால் மைய அரசுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் காதில் விழாது.

ஒலி. இதுதான் அதிகம் சறுக்கும் இடம். 1989இலும், கோவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்த 2022 வெள்ளைத்தாள் போராட்டத்திலும் கூட்டம் பாடியது சர்வதேசிய கீதம். 2022இல் தேசிய கீதத்தையும் பாடினார்கள். ‘அடிமையாக மறுப்போரே எழுக’ என்று தொடங்கும் பாட்டை எந்தப் போலீஸ்காரர் தடுக்க முடியும்? இசையமைப்பாளர்கள் இங்கே சோகமான இருநரம்பு வயலினைப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த வெள்ளைத்தாள் போராட்டத்தையே நாயகனில்லாத நாடகத்துக்கு மாதிரியாக எடுக்கலாம். 2022 அக்டோபர் 13, பெய்ஜிங் சிதோங் பாலத்தில் ஒருவர் தனியாகப் பதாகை கட்டுகிறார். நவம்பர் 22, 23இல் ஜெங்ஜோ ஃபாக்ஸ்கான் ஆலையில் தொழிலாளர் மோதல். 24இல் ஷின்ஜியாங்கின் உரும்ச்சி நகரில் அடுக்ககத் தீ, அரசுக் கணக்கில் 10 பேர் சாவு. 26 இரவு ஷாங்ஹாயில் உரும்ச்சி பெயர் தாங்கிய சாலையில் மெழுகுவத்தி, வெற்று ஏ4 தாள். 27இல் பெய்ஜிங் லியாங்மா ஆற்றங்கரை. டிசம்பர் 7இல் கோவிட் கட்டுப்பாடுகள் தளர்கின்றன. கைதுகள் அதன்பின்னும் தொடர்ந்தன. ஆற்றங்கரையில் ஒருவர் ‘உங்களுக்குள் அந்நிய சக்திகள் இருக்கின்றன’ என்று எச்சரிக்க, கூட்டம் ‘நீங்கள் சொல்லும் அந்நிய சக்தி மார்க்சும் எங்கெல்சுமா?’ என்று திருப்பிக் கேட்டது. ஷாங்ஹாயில் கட்சியே விலகு என்ற குரலும் எழுந்தது; மற்ற இடங்களில் கோவிட் கட்டுப்பாடுகளை எடுத்தால் போதும் என்றவர்களும் இருந்தார்கள். மேடையில் இந்தக் குரல்கள் ஒன்றோடொன்று மோத வேண்டும்.

மஞ்சள்நதி எழுதியது:

திரைச்சீலை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேடையேற்றும் குழுவுக்கும் ஆபத்து உண்டு, கட்டுரையில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 2019இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் பிரான்சிஸ் யா-சூ கௌஹிக்கின் ‘தி கிங் ஆஃப் ஹெல்ஸ் பேலஸ்’ வந்தது. 1990களில் ஹெனான் மாகாணத்தில் நடந்த பிளாஸ்மா வணிகம் அதன் களம். பலரின் இரத்தத்தைக் கலந்து பிளாஸ்மாவைப் பிரித்து, மிச்ச அணுக்களைக் கொடுத்தவர்கள் உடம்பிலேயே திரும்ப ஏற்றினார்கள். எச்ஐவி அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. அதை அம்பலப்படுத்திய மருத்துவர் வாங் ஷுபிங், நாடகத்தை நிறுத்தச் சொல்லிச் சீனாவிலுள்ள தன் உறவினர்களையும் பழைய சகாக்களையும் பாதுகாப்பு அதிகாரிகள் நெருக்குவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். நாடகம் நிற்கவில்லை. அவர் அதே செப்டம்பரில் காலமானார்.

தெருவில் கொடி பிடிக்காமல், அரசு சுகாதாரத் துறைக்குள்ளிருந்து மாதிரிகளைச் சோதித்து, அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய எதிர்ப்பு இது. உங்கள் மூன்று படைப்புகளிலும் இந்த வகை இல்லை. பட்டியலில் நான்காவதாக இதைச் சேர்த்தால், போராட்டம் என்றால் சதுக்கம் என்ற எண்ணத்தை வாசகர் தாமாகவே கைவிடுவார்.

இளவேனில் எழுதியது:

சேர்க்கிறேன். ‘3 பாடி ப்ராப்ளம்’ பகுதியில் சிங்ஹுவா 1968ஐயும், கணிப்புகள் பகுதியில் வட்டார அரசுக்கான எண்களையும் போட்டுத் திருத்தியபின் வரைவை இங்கேயே இடுகிறேன். தேதிகளைத் தயவுசெய்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.